அம்மாயியின் ரேடியோகிராம்

பழைய சாமான் ஒன்று வீட்டில் இருந்துவிட்டால் போதும், அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இராது. மூலையில் கிடக்கிற உரலைப் பற்றியோ அம்மியைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நாலடி நீளத்துக்குத் தேக்குப் பெட்டி ஒன்று, பித்தளை விளிம்பும் தந்த நிறக் குமிழ்களுமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் யோசனை பிறந்துவிடுகிறது. "எடைக்குப் போட்டுவிடுங்களேன்" என்பார் ஒருவர். "மேலே டெலிவிஷன் வைக்கத் தோதாக இருக்கிறதே!" என்பார் இன்னொருவர். ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர் இந்த மாதிரிப் பெட்டிகளை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் பாட்டில் அடுக்கி வைக்கிறாராம்; நல்ல விலையும் கொடுப்பாராம். இந்தத் தகவலைக் கொண்டுவந்தவர் வேறு யாருமல்ல, என் சொந்த மாமாதான்.

பெட்டி, எங்கள் அம்மாயி வீட்டு ரேடியோகிராம்.

இந்தத் தலைமுறைக்குச் சற்று விளக்கிவிடுவது நல்லது. ரேடியோவும் கிராமபோனும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்தால் அதுதான் ரேடியோகிராம். நடுவிலே கண்ணாடி முகத்தோடு ரேடியோ. ஒரு பக்கத்து மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் பீடம். கீழே ஜரிகைத் துணிக்குப் பின்னால் பெரிய ஒலிபெருக்கி. தட்டுகளை நிறுத்தி வைக்கத் தனியாக ஓர் அறை. அந்த நாளில் கார் வாங்கியவர் அதை வாசலில் நிறுத்திப் பெருமைப்பட்டார். ரேடியோகிராம் வாங்கியவர் கூடத்தில் நிறுத்திப் பெருமைப்பட்டார். வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்துவதுகூட ஒரு பெருமைதான். அந்த லைசென்ஸ் 1980-களில் எடுபட்டுப் போயிற்று.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி, ராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் குச்சிக்கிழங்கு பயிரிட்டவர். மரவள்ளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். இரண்டாவது உலக யுத்தத்தில் கடல் கடந்து வரும் ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய சேகோ தொழில் அந்தக் கிழங்குக்கு ஒரு மவுசை உண்டாக்கியிருந்தது. 1964-ல் ஒரு போகம் அமோகமாக விளைந்தது. அப்புச்சி சேலம் போனார். திரும்பும்போது மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, அதன் மேல் புது மணப்பெண்ணைப் போல் இந்தப் பெட்டியை உட்கார்த்திக் கொண்டுவந்தார்.

கண்ணாடி முகத்தில் கொழும்பு, டில்லி, லண்டன் என்று ஊர்ப் பெயர்கள் எழுதியிருக்கும். அவற்றில் எங்கள் வீட்டுக்கு மிகவும் உறவான ஊர் கொழும்பு! 1952-ல் கேஸ்கர் மந்திரியாக வந்த பிறகு நம்முடைய ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டுவிட, ஜனங்கள் சத்தமில்லாமல் ரேடியோ சிலோனுக்குத் திரும்பிவிட்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கொழும்பு கேட்காத வேளைகளில் பிளேட்டு.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். அந்தப் பெட்டியை அப்புச்சி மட்டும்தான் தொடலாம். அவர் வயலுக்குப் போயிருந்தால், அரை டிராயர் போட்ட மாமா தொடலாம். பெண்டுகள் தொடக் கூடாது. அவர்கள் கைபட்டால் ஊசி முறிந்துவிடுமாம், பிளேட்டு கீறிவிடுமாம்! கொதிக்கிற எண்ணெயிலிருந்து முறுக்கை உடையாமல் எடுக்கிற கைக்கு ஒரு ஊசியை இறக்கத் தெரியாது என்று தீர்மானித்தவர் யார்? தெரியாது. அந்தக் காலத்து வீடுகளில் இப்படி எத்தனையோ தீர்மானங்கள், யாரும் கையெழுத்துப் போடாமலே அமுலில் இருந்தன. ஆண்கள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். அம்மாயி அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூசையன்று மட்டும், துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்க அவளுக்கு அனுமதி உண்டு.

இதிலே வேடிக்கை என்ன தெரியுமா? பெட்டிக்குள்ளிருந்து பாடியவர்களில் பாதிப் பேர் பெண்கள்! இந்தியாவில் முதன்முதலாக 1902-ல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு நடந்தபோது கூம்புக்குழாயின் முன்னால் துணிந்து நின்றவர்கள் பெண்கள்தான். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி பாட்டு முடிந்ததும் தன் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? எங்களுக்குக் காவிரியின் மறுகரை கொடுமுடி. அங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935-ல் நந்தனாராக, ஆண் வேஷத்தில், நடிக்க ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். அப்பேர்ப்பட்ட அம்மாளின் குரல் கூடத்தில் கணீரென்று ஒலித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள்.

அப்புச்சி காலமாகி வெகு நாளாயிற்று. பெட்டி ஊமையாகி அதைவிட அதிக நாளாயிற்று. கிராமத்து வீட்டை விற்றுவிட்டு மாமா நாமக்கல்லில் குடியேற முடிவு செய்தபோது, 84 வயது அம்மாயி சேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெட்டி பின்னாலேயே வந்து சேர்ந்தது. மாமாவின் விடுதிக்காரர் யோசனை அப்போது கிளம்பியதுதான்.

விற்பது இல்லை என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்படியானால் பாட வைக்க வேண்டும். எப்படி? இங்கேதான் இரண்டு கட்சிகள் முளைத்தன.

முதல் கட்சி என் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். "உள்ள இருக்கறதையெல்லாம் கழட்டிடு அக்கா. ஒரு புளூடூத் ஆம்பிளிபயர், நாலு ஸ்பீக்கர். பிளேட்டெல்லாம் எதுக்கு? எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கு!" என்றான்.

இரண்டாவது கட்சி, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்த பெரியவர். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் மாரியம்மன் பண்டிகைகளுக்கும் போனவர்களுக்கு மைக் செட்காரரைத் தெரியாமல் இருக்காது. புளிய மரத்துக் கிளையில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, விடியுமுன்பே பக்திப் பாட்டுப் பிளேட்டைப் போட்டு ஊரை எழுப்புகிறவர் அவர். எந்தப் பாட்டு எந்தப் பிளேட்டில் எந்தப் பக்கம் என்பது அவருக்கு மனப்பாடம். பெரியவர் பெட்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். "ஒரு ஸ்குரூவைக்கூட மாத்தக் கூடாதுங்கம்மா. வால்வு சத்தம் வால்வு சத்தந்தானுங்க" என்றார்.

இருவரும் ஒருநாள் எங்கள் கூடத்தில் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சத்தம் எப்படியோ வரட்டும் கண்ணு. எங் கைக்கு அது அடங்குமான்னு கேளு. மூடியத் தூக்க முடியோணும். தட்டை நானே வெக்கோணும்."

கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பேத்தி நான் பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து பிறத்தியார் மனதில் இருப்பதையெல்லாம் எழுதுகிறவள். அறுபது வருஷமாக இந்த ஒரு ஆசை இந்தக் கிழவியின் மனதில் உட்கார்ந்திருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வேலை ஆரம்பமாயிற்று. வாசக சகோதரிகளுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: பரணிலிருந்து பழைய ரேடியோவை இறக்கினால், ஆசை மிகுதியால் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள்! வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கண்டென்சர்கள் உள்ளே காய்ந்து போயிருக்கும். பெரியவர் எங்கள் எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் செய்கிற தந்திரத்தைச் செய்தார். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பல்பு மங்கலாக எரிந்தால் கவலையில்லை. பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ கோளாறு. எங்கள் பல்பு தீபாவளிபோல் எரிந்தது. மின்மாற்றி கருகிப் போயிருந்தது.

அதைத் திரும்பச் சுற்றிவிடலாம். சேலத்தில் மோட்டார் காயில் சுற்றுகிறவர்களுக்கு அது ஒரு பிரமாதமில்லை. ஆனால் வால்வு ஆம்பிளிபயருக்குள் 250 வோல்ட்டுக்குக் குறையாமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் ஒளிந்திருக்கும். வால்வு அடுப்புக்கட்டிபோல் சுடும். மத்தியானத்தில் அம்மாயி வீட்டில் தனியாக இருப்பாள். பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு தாமாகவே, "வேண்டாமுங்க, புதுசே போட்டுரலாம்" என்றார். ஒரு கம்பியைக்கூட வெட்டாமல் வால்வுச் சட்டத்தை முழுதாக வெளியே எடுத்தார். அது இப்போது அம்மாயியின் பழைய கைத்தறிச் சேலை ஒன்றில் சுற்றிப் பெட்டியின் அடியிலேயே இருக்கிறது. நாளைக்கு யாருக்காவது ஆசை வந்தால், அதே திருகாணித் துளைகளில் திரும்ப ஏற்றிவிடலாம்.

அதன் இடத்தில் வந்தது சீட்டுக்கட்டு அளவு ஆம்பிளிபயர் பலகை. 24 வோல்ட்டில் வேலை செய்கிறது, சூடே இல்லை. தம்பி தபாலில் தருவித்துக் கொடுத்தான். ஆனால் மாட்டியதும் பாட்டு வந்த அழகு இருக்கிறதே! தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது மாதிரி. மிருதங்கமே காணோம். தம்பியின் முகம் சுருங்கிற்று, பெரியவர் சிரித்தார். பழைய ஊசித்தலை படிகத்தால் ஆனது. அது மெதுவாகப் பேசும், சுபாவத்தில் கூச்சம். எதிரில் இருப்பவர் நிதானமாகக் கேட்டால்தான் முழுவதும் சொல்லும். புதுப் பலகையோ அவசரக்காரி. பாதியைக் கேட்டுவிட்டு மீதியை இழுத்து விழுங்கிவிடுகிறாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரு நல்ல நாத்தனார் வேண்டாமா? அப்படி ஒரு சின்னச் சுற்றைப் பெரியவர் பத்து லட்சம் ஓம் தடையோடு தம் கையாலேயே பற்றவைத்து இரண்டுக்கும் நடுவில் பொருத்தினார். மிருதங்கம் திரும்பி வந்துவிட்டது. தம்பி அன்றைக்குத்தான் அவரை 'சார்' என்று கூப்பிட்டான்.

சுழல் பீடம் மட்டும் பழையதே. அதை மாற்றக் கூடாது என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி! அது இங்கிலாந்திலே செய்த காரார்டு. காரார்டு என்றால் லண்டனில் அரச குடும்பத்துக்கே நகை செய்த கடை. அந்தக் குடும்பத்தார் முதல் உலக யுத்தத்தின்போது, 1915-ல், பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவி செய்ய ஒரு கம்பெனி தொடங்கினார்கள். யுத்தம் ஓய்ந்ததும் அது கிராமபோன் மோட்டார் பண்ண ஆரம்பித்தது. தட்டை வைத்து ஒரு நெம்புகோலைத் தள்ளினால், கை தானாக எழுந்து, தானாக நகர்ந்து, பூ விழுவதுபோல் ஊசியை இறக்கும். நடுங்குகிற கைக்கு இதைவிட என்ன வேண்டும்? பெண்டுகளால் ஊசி முறியும் என்ற பேச்சுக்கு இந்த யந்திரத்தில் ஆதாரமே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஊசியை அப்புச்சியும் தொட்டதில்லை!

உள்ளே கிரீஸ் உறைந்து மெழுகாகியிருந்தது. அதைக் கழுவி எடுக்கவே இரண்டு நாள். தட்டைச் சுழற்றுகிற ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தி நின்று பள்ளம் விழுந்திருந்தது. அதற்குப் புது ரப்பர் போட்டாயிற்று. ஊசித்தலைப் படிகம் காற்றின் ஈரத்தில் கரைந்துபோகிற ஒருவகை உப்பு. அதனால் பீங்கான் வகைத் தலை ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். அதற்கு இரண்டு ஊசி. 78 சுற்றுத் தட்டின் கோடு அகலம், லாங்-பிளே தட்டின் கோடு மெல்லிசு. ஒன்றின் ஊசியை மற்றொன்றில் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

மரவேலைக்கு நாமக்கல். லாரி பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் தச்சர் அடிப்பலகையில் செல்லரித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தேக்கு இணைத்தார். எது பழையது, எது புதியது என்று எனக்கு இன்றைக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மூடிதான் பெரிய பிரச்னை. அம்மாயியின் மூட்டுவலிக் கைகளுக்கு அது ஒரு பாறாங்கல். தச்சர் சமையலறை அலமாரிக் கதவுகளுக்குப் போடுகிறார்களே, அந்தக் காற்றழுத்தத் தாங்கி இரண்டை உள்பக்கம் பொருத்தினார். இப்போது ஒரு விரல் போதும். விட்ட இடத்தில் நிற்கிறது, படீரென்று கையில் விழுவதில்லை. இந்தப் பெட்டியில் சேர்ந்த நவீனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மேலே மெருகேற்றும்போது முன் பலகையில் மூன்று கறைகள் தெரிந்தன. தேய்த்து எடுத்துவிடவா என்று தச்சர் கேட்டார். ஆயுத பூசைப் பொட்டுகள்! வேண்டாமென்று தடுத்துவிட்டேன். அவர் பூசிய பாலிஷும் அரக்கு, பழைய இசைத்தட்டும் அரக்கு, நம் பாட்டிமார் போட்ட வளையலும் அரக்கு. சோட்டா நாகபுரிக் காட்டு மரங்களில் ஒரு சிறு பூச்சி கசியவிடுகிற பொருளுக்கு எத்தனை அவதாரம்! அதனால்தான் 78 சுற்றுத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். தண்ணீரில் ஒரு துளி சோப்பு, மெல்லிய துணி, நடுவிலிருக்கும் காகிதம் நனையாமல் ஜாக்கிரதை. அவ்வளவுதான்.

ஒலிபெருக்கித் துணி கிழிந்திருந்தது. அம்மா இளம்பிள்ளையிலிருந்து பட்டுத் துணி ஒன்று வாங்கிவந்தாள். பார்வைக்கு லட்சுமிகரமாக இருந்தது, பாட்டு மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது. பெரியவர் சொன்ன பரீட்சை சுலபமானது: துணியை வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போக வேண்டும். கடைசியில் தேறியது, நெசவு விட்ட சாதாரணப் பருத்தித் துணி.

தம்பியின் கட்சியும் முழுத் தோல்வி அடையவில்லை. புளூடூத் ஒரு தனி டப்பாவாகப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு குமிழைத் திருப்பினால் போனிலிருந்து பாட்டு வரும். கண்ணாடி முகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கும் வைத்தான். முள் நகர்கிறது, கொழும்பு என்ற எழுத்து மஞ்சளாக ஒளிர்கிறது, பாட்டு வருவதில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் தயார். தட்டுகளில் உடைந்தவை போக முப்பதுக்கு மேல் தேறியிருந்தன. 'மந்திரி குமாரி'யும் இருந்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த படம், ஜி. ராமநாதன் சங்கீதம். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. எங்கள் ஊர்ப் படமாயிற்றே, அதையே முதலில் போடலாம் என்று நான் எடுத்து நீட்டினேன். அம்மாயி வாங்கவில்லை. ஒவ்வொரு தட்டாகத் தள்ளிக்கொண்டே போய், ஓரத்தில் பிறைபோலச் சில்லு விட்டிருந்த ஒன்றை உருவினாள். பெயரைப் படிக்கவில்லை, அந்தச் சில்லைத் தடவிப் பார்த்தாள். கொடுமுடி அம்மாளின் தட்டு.

மூடியைத் தூக்கினாள். தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நடுக் கம்பியில் இறக்கினாள். நெம்புகோலைத் தள்ளினாள். காரார்டின் கை எழுந்து நகர்ந்தபோது சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். யாரோ அதட்டப் போகிறார்கள் என்பதுபோல இருந்தது அது. யாரும் அதட்டவில்லை. கொஞ்சம் கரகரப்பு, பிறகு அந்தக் குரல்.

பத்து அங்குலத் தட்டு சுமார் மூன்று நிமிஷந்தான் பாடும். முடிந்ததும் திருப்பிப் போட்டாள். பிறகு மறுபடியும் முதல் பக்கம். ராத்திரி சாப்பாடு அன்றைக்கு ஒன்பதரை மணிக்குத்தான் ஆயிற்று.

போன மாதம் மாமா நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பழைய உரிமையோடு நேரே போய் மூடியில் கை வைத்தார்.

"பஸ்ஸில வந்த கையோட தொடாத சாமி" என்றாள் அம்மாயி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "என்ன பாட்டு வேணும்னு சொல்லு. நான் போடறேன்."